அடிக்கடி நிமோனியா வருகிறது, எதிர்ப்பு சக்தி கூட என்ன கொடுக்கலாம்?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகனுக்கு 2 வயது 9 மாதம். பிறந்து ஆறு ஏழு மாதம் வரை காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. அதற்கப்புறம் விட்டபாடில்லை. 14 மாதத்தில் நிமோனியா, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். 2 வயது 3 மாதத்தில் மறுபடியும் நிமோனியா. காதில் சீழ் வடிவது இதுவரை ஐந்து தடவை. போன மாதம் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனான். மருந்து கொடுத்தால் சரியாகிறது, நிறுத்திய மூன்றாவது வாரம் திரும்ப ஆரம்பிக்கிறது. எல்லாரும் எதிர்ப்பு சக்தி இல்லை என்கிறார்கள். டானிக், சத்துமாவு, கஷாயம், இம்யூனிட்டி பவுடர் எல்லாம் கொடுத்தாயிற்று. சொந்தத்தில் கல்யாணம் செய்யவில்லை. மூத்தவளுக்கு 7 வயது, நன்றாக இருக்கிறாள். இவனுக்கு ஆறு மாதம் ஆனபோது நான் மில் வேலைக்குத் திரும்பியதால் தாய்ப்பால் நின்றுவிட்டது, அதனால்தான் இப்படி என்கிறார் மாமியார். ஒரு உறவுக்காரர் எய்ட்ஸ் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எடுத்தோம், இல்லை என்று வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் தம்பி மூன்று வயதில் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனான். இவனுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று அம்மா அழுகிறார். தங்கை ஏழு மாத கர்ப்பமாக இருப்பதால் அவளிடம் எதையும் சொல்லவில்லை. எதிர்ப்பு சக்தியைக் கூட்ட நான் என்ன கொடுக்க வேண்டும்? எங்கே தவறு செய்தேன்?

– ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு மருத்துவர் கேட்டு வாங்க வேண்டிய தகவல்களை நீங்களே வரிசையாக எழுதிவிட்டீர்கள். ஆறேழு மாதம் வரை ஒன்றுமில்லை, அதன்பின் ஓயவில்லை. காது, நுரையீரல், மூட்டு. மருந்து கொடுத்தால் கேட்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள், தம்பிக்கு மட்டும் இப்படி. தாய்மாமன் ஒருவர் சிறு வயதிலேயே நோய்த்தொற்றில் இறந்திருக்கிறார். இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட நோயின் சாயல் தெரிகிறது. கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் சில ரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே எடுக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன கொடுக்கலாம்' என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் போட்டு நிரப்புவதைப் போல எதிர்ப்பு சக்தியையும் நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் நம் எல்லாருக்கும் பதிந்துவிட்டது. உடம்பில் அப்படி ஒரே தொட்டி கிடையாது. அங்கே பல பேர் பல வேலை செய்கிறார்கள். ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் மற்றவர்களுக்கு எவ்வளவு சாப்பாடு போட்டாலும் அந்த வேலை நடக்காது. வராதவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் காரியம்.

யார் யார் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். தோல், மூக்கில் ஊறும் சளி, மூச்சுக்குழாயில் தூசியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய மயிரிழைகள், வயிற்றின் அமிலம், இவை வாசல் காவல். அதைத் தாண்டி கிருமி நுழைந்தால் முதலில் ஓடி வருவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு. கிருமியை விழுங்கிக் கொன்றுவிட்டுத் தானும் சாகும். கட்டியில் வரும் சீழில் பெரும்பகுதி இப்படிச் செத்த நியூட்ரோபில்கள்தான். அவற்றுக்குப் பின்னால் லிம்போசைட்டுகள் வருகின்றன. நிதானமாக வந்தாலும் வந்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்பவை. அவற்றில் டி செல்கள் என்று ஒரு வகை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி முடித்து வருபவை. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்வதும் மற்றவர்களை ஏவுவதும் இவற்றின் வேலை. இன்னொரு வகை பி செல்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து வளர்ந்து, கடைசியில் ஆன்டிபாடி தயாரிக்கும் பட்டறைகளாக மாறுபவை. ஆன்டிபாடிக்கு இன்னொரு பெயர் இம்யூனோகுளோபுலின். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்று ரிப்போர்ட்டில் வருவது இவைதான்.

இந்த ஆன்டிபாடி என்ன செய்கிறது என்பதை நம் வீட்டுச் சமையலறையை வைத்தே சொல்லிவிடலாம். விலாங்கோ விராலோ உயிரோடு வாங்கி வந்து கழுவியிருக்கிறீர்களா? வெறும் கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். நிமோனியாவையும் காதில் சீழையும் மூளைக் காய்ச்சலையும் உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கிறதே, அது தன் மேல் வழவழப்பான சர்க்கரைப் போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும். நியூட்ரோபில் விழுங்க வந்தால் நழுவிவிடும். ஆன்டிபாடி அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டால்தான் நியூட்ரோபிலுக்குப் பிடி கிடைக்கிறது. ஹீமோஃபிலஸ் என்ற கிருமியும் இதே ரகம். அதனால் ஆன்டிபாடி இல்லாத குழந்தையை இந்தப் போர்வைக் கிருமிகள்தான் திரும்பத் திரும்பத் தாக்கும். அவை தாக்கும் இடங்களும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: காது, சைனஸ், நுரையீரல், சில சமயம் மூட்டு, சில சமயம் மூளையுறை. உங்கள் மகனுடைய பட்டியலையும் உங்கள் தம்பியின் கடைசி நோயையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் முதல் ஆறு மாதம் அவன் எப்படி நன்றாக இருந்தான்? உங்களால்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. நீங்கள் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சீதனம் போல அவனுக்குக் கொடுத்து அனுப்பினீர்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆறு மாதத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்ற குழந்தைகள் அதற்குள் சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பித்திருப்பார்கள். தயாரிக்க முடியாத குழந்தை அப்போதுதான் வெறுங்கையோடு நிற்கும். நீங்கள் வேலைக்குத் திரும்பியதும் அதே ஆறாவது மாதம் என்பதால் மாமியார் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். தாய்ப்பாலில் பெரும்பாலும் இருப்பது ஐஜிஏ, அது குடலில் காவல் காக்கும். தாய்ப்பால் நல்லது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அது நின்றதால் நுரையீரலில் இரண்டு தடவை நிமோனியாவும் முழங்காலில் வீக்கமும் வராது. இதை மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் கேட்கட்டும்.

நான் சந்தேகிக்கும் நோயின் பெயர் எக்ஸ்எல்ஏ (எக்ஸ் லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா), ஆன்டிபாடி தயாரிக்க முடியாத பிறவிக் குறைபாடு. இதை முதலில் விவரித்தவர் அமெரிக்க ராணுவத்தின் குழந்தை மருத்துவர் ஆக்டன் புரூட்டன். 1952-ல், வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நான்கு ஆண்டுகளில் 19 தடவை ரத்தத்தில் கிருமி பரவும் அளவுக்குத் தொற்று வந்திருந்தது. ரத்தத்தில் இருக்கும் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் கருவி அப்போது புதிது. அதில் பார்த்தபோது காமா குளோபுலின், அதாவது ஆன்டிபாடிகள் அடங்கிய புரதம், இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இல்லாததை வெளியிலிருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று மாதாமாதம் அதை ஊசியாகப் போட்டார் புரூட்டன். அந்தத் தொற்றுகள் நின்றன. 1993-ல் இதற்குக் காரணமான ஜீனையும் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர் பெயரையே வைத்து பிடிகே என்கிறோம், புரூட்டன் டைரோசின் கைனேஸ். இந்த ஜீன் பழுதானால் பி செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே பாதி வளர்ச்சியில் நின்றுவிடும், நாற்றங்காலை விட்டு வயலுக்கு வராத நாற்றைப் போல. பி செல் இல்லை என்றால் ஆன்டிபாடி இல்லை.

இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஆண்களுக்கு ஒன்று. பெண்ணுக்கு ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். அவர் ஆரோக்கியமாகவே இருப்பார், தன்னிடம் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் பழுதான எக்ஸ் மகனுக்குப் போனால் அவனுக்கு மாற்று இல்லை. ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்குப் போனால் அவளும் தாயைப் போல நலமாக இருப்பாள், அவ்வளவுதான். சொந்தத்தில் கல்யாணம் செய்யவில்லை, அதனால் பரம்பரை நோய் இருக்காது என்று நினைத்திருப்பீர்கள். நம் ஊரில் படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அக்காள் மகளை, மாமன் மகளைக் கட்டுவதால் கூடும் நோய்கள் உண்டு, எதிர்ப்பாற்றல் குறைபாடுகளிலேயே பல அப்படிப்பட்டவை. ஆனால் எக்ஸ் வழியாக வரும் நோய்க்கு யாரைக் கல்யாணம் செய்தோம் என்பதே பொருட்டில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் இது தோன்றும். உங்கள் விஷயத்தில் தம்பியின் மரணம் எனக்குப் பெரிய துப்பு. அம்மாவிடம் பக்குவமாகக் கேளுங்கள்: அவனுக்கும் காதில் சீழ் வடிந்ததா, அடிக்கடி சளி கட்டியதா, அம்மாவின் கூடப்பிறந்த ஆண் பிள்ளைகள் யாராவது சிறு வயதில் தவறியிருக்கிறார்களா என்று. பழைய துக்கத்தைக் கிளறுவது கஷ்டம்தான். இருந்தாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் இவை.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் எங்கள் வார்டுக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை நிமோனியாவோடு வந்தான். மூன்று தடவையும் நான்தான் கேஸ் ஷீட் எழுதினேன். மூன்று தடவையும் அந்த நிமோனியாவுக்கு மட்டும் மருந்து எழுதி அனுப்பினேன். மூன்றாவது முறை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் டார்ச்சை வாங்கி அவன் வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கை அழுத்திப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டார்ச்சை என் கையில் கொடுத்து, 'இவன் டான்சில் எங்கே?' என்றார். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நெல்லிக்காய் போலத் துருத்திக்கொண்டிருக்க வேண்டிய இடம், வழித்தெடுத்தது போல மழமழவென்று இருந்தது. கழுத்தைத் தடவினால் ஒரு நெறி கூடக் கையில் தட்டுப்படவில்லை. டான்சிலும் நெறியும் பி செல்கள் கூட்டமாகக் குடியிருக்கும் இடம். குடியிருக்க ஆள் இல்லாததால் வீடும் இல்லை. மூன்று தடவை அந்தக் குழந்தையின் தொண்டையைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதியிருக்கிறேன் நான். வீங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இன்று வரை எந்தக் குழந்தையின் வாயைத் திறந்தாலும் அந்தப் பையன் ஞாபகம் வருகிறது.

ஆகவே நீங்கள் மருத்துவரிடம் போனதும் கேட்க வேண்டிய முதல் விஷயத்துக்குக் காசே ஆகாது: டான்சில் இருக்கிறதா, நெறி தட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு தொற்றுக்குப் பிறகும் கழுத்தில் நெறி கட்டவே இல்லை என்றால் அது நல்ல சேதி இல்லை.

இரண்டாவது, வீட்டில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளை எடுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஈரல் பரிசோதனை எடுத்திருந்தால் அதில் மொத்தப் புரதம், ஆல்புமின் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது குளோபுலின். அது 2 கிராமுக்கும் கீழே இருந்தால் ஆன்டிபாடி குறைவோ என்று சந்தேகப்பட வேண்டும். புரூட்டன் பார்த்த அதே வெற்றிடத்தின் நிழல் இது. பலருடைய ஃபைலில் யாரும் கழித்துப் பார்க்காமல் கிடக்கிறது.

எக்ஸ்ரேக்களையும் எடுத்து வையுங்கள். இரண்டு நிமோனியாவும் ஒரே இடத்தில் வந்ததா, வேறு வேறு இடமா என்று மருத்துவர் பார்ப்பார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்தில்தான் கோளாறு என்று முதலில் நினைப்போம். நிலக்கடலைப் பருப்பு ஒன்று மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சளியாகவே தெரிந்த குழந்தைகள் உண்டு. ஆஸ்துமா, டிபி, பால் மேலேறிப் புரையேறுவது என்று வேறு காரணங்களும் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் காதும் மூட்டும் சேர்ந்து வந்திருப்பதால் உங்கள் மகனுக்கு நுரையீரலை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை. சாதாரண ரத்த எண்ணிக்கையில் வெள்ளை அணு சரியாக இருப்பதால் எதிர்ப்பு சக்தி சரியாக இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அதை ஏற்காதீர்கள். லிம்போசைட்டுகளில் பெரும்பங்கு டி செல்தான். பி செல் ஒன்று கூட இல்லாவிட்டாலும் மொத்தக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே தெரியலாம். இம்யூனோகுளோபுலின் அளவு, அதாவது ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றையும் பார்க்க வேண்டும். பெரிய ஊர்களின் லேப்களில் இதை எடுக்கிறார்கள். முடிவைக் குழந்தையின் வயதுக்கான அளவோடு ஒப்பிட வேண்டும், ரிப்போர்ட்டில் அச்சடித்திருப்பது பல சமயம் பெரியவர்களுக்கான அளவு. நான் சொல்லும் நோயில் ஐஜிஜி பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே கிடக்கும், மற்ற இரண்டும் இல்லவே இல்லை என்ற அளவில் இருக்கும். அப்படி வந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனையில் பி செல்களை எண்ணுவார்கள். அப்புறம் ஜீன் பரிசோதனை. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய இடங்களுக்கு உங்கள் மருத்துவர் கடிதம் கொடுப்பார்.

எய்ட்ஸ் டெஸ்ட் எடுத்ததற்காக வெட்கப்பட வேண்டாம். அந்த உறவுக்காரர் என்ன நினைத்துச் சொன்னாரோ, எதிர்ப்பாற்றல் குறைவாக இருக்கும் எந்தக் குழந்தைக்கும் நாங்களும் அதைப் பார்க்கத்தான் செய்வோம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து நம் மக்களுக்கு எதிர்ப்பு சக்தி போய்விட்டது என்றாலே அந்த ஒரு நோய்தான் ஞாபகம் வருகிறது. எச்.ஐ.வி. பிறகு வந்து சேரும் குறைபாடு. டி செல்களை அழிப்பது. அது போல வெளியிலிருந்து வருபவை நிறைய: சத்துக்குறைவு, சர்க்கரை நோய், புற்றுநோய் மருந்துகள், நாள்பட்ட ஸ்டீராய்டு, மண்ணீரலை எடுத்துவிடுவது. உலகம் முழுக்கக் கணக்கெடுத்தால் சத்துக்குறைவுதான் இதில் பெரிய காரணம். உங்கள் மகனுக்கு நான் சந்தேகிப்பது பிறவியிலேயே இருக்கும் வகை. தொட்டால் பழகினால் ஒட்டாது. இப்படிப் பிறவிக் குறைபாடுகள் இன்று 450-க்கும் மேல் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழக்கமான எச்.ஐ.வி. டெஸ்ட், டெங்கு ஐஜிஎம், டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் எல்லாமே நோயாளியின் உடம்பு தயாரித்த ஆன்டிபாடியைத் தேடுபவை. தயாரிக்கவே முடியாத குழந்தைக்கு நோய் இருந்தாலும் 'இல்லை' என்றுதான் வரும். கர்ப்ப காலத்தில் உங்களுக்கு எடுத்த எச்.ஐ.வி. டெஸ்டில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கும், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் இனி அவனுக்குக் காய்ச்சல் வந்து இப்படி ஏதாவது டெஸ்ட் எடுத்தால் இந்த விஷயத்தை மருத்துவருக்கு ஞாபகப்படுத்துங்கள். கிருமியையே நேரடியாகத் தேடும் பிசிஆர், கல்ச்சர் போன்றவை வேண்டும்.

இதைப் படிக்கும் மற்ற தாய்மார்கள் பதற வேண்டாம். ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்கே வருடத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிக்கும், அங்கன்வாடியிலோ பள்ளியிலோ சேர்த்த முதல் வருடம் இன்னும் கூடும். நடுவில் நன்றாக விளையாடி, எடை ஏறி, ஆன்டிபயாடிக் இல்லாமலேயே சரியாகிற சளி அது. ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, நான்கோ அதற்கு மேலோ காது சீழ், இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் தீராத தொற்று, குடும்பத்தில் இளம் வயது மரணம், இப்படி ஏதாவது இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மற்ற அணுக்கள் குறைந்தால் படமே வேறு. நியூட்ரோபில் வேலை செய்யாவிட்டால் நெறியிலும் ஈரலிலும் சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வரும். அதில் ஒரு வகையில் தொப்புள்கொடி ஒரு மாதமாகியும் விழாமல் இருக்கும். டி செல்லே இல்லாத குழந்தை முதல் சில மாதங்களிலேயே தேறாது: வாயெல்லாம் வெள்ளை மாவு படியும், பேதி நிற்காது, எடை ஏறாது. அது ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாத அவசரம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பிறந்த சில மாதங்களுக்குள், தொற்று பிடிக்குமுன் செய்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். நான் சந்தேகிப்பதுதான் நோய் என்று உறுதியானால் என்ன செய்வது? புரூட்டன் செய்ததையேதான் இன்னும் நன்றாகச் செய்கிறோம். ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் பிளாஸ்மாவைச் சேர்த்து, சுத்திகரித்து எடுத்த இம்யூனோகுளோபுலினை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றுவார்கள். எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 5 முதல் 7 கிராம். மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதால் சில மணி நேரம் ஆகும். காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். சக்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ அப்படி. இதை ஒழுங்காக எடுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், விளையாடுகிறார்கள், வளர்ந்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். உங்கள் தம்பி காலத்தில் நம் ஊரில் இதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, மருந்துக்கும் வழியில்லை. இவன் காலம் வேறு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் முன்பே யாராவது இந்த மருந்தை ஏற்றிவிட்டால் அப்புறம் அளவு பார்த்துப் பயனில்லை, ரிப்போர்ட்டில் வருவது கொடையாளிகளின் ஆன்டிபாடியாக இருக்கும்.

மருந்து விலை அதிகம், மறைக்கவில்லை. மில் சம்பளத்தில் மாதாமாதம் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது. குறிப்பிட்ட உயர் சிகிச்சை மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். நோய் உறுதியானதும் அந்த மருத்துவமனையில் இருக்கும் சமூகப் பணியாளரைப் பார்த்துக் கையோடு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், ஆறப்போடக் கூடாது.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுங்கள். பல் தேய்ப்பதில் கவனமாக இருங்கள். காய்ச்சல் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாமல் அன்றே காட்டுங்கள். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள், பழைய சீட்டை வைத்து மெடிக்கலில் நீங்களாகவே வாங்கவும் வேண்டாம். முழங்கால் மறுபடி வீங்கினாலோ, காய்ச்சலோடு வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அது ராத்திரி என்று பார்க்காதீர்கள். சத்துமாவும் முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள், வளரும் பிள்ளைக்கு அது தேவை. இம்யூனிட்டி பவுடருக்குச் செலவழிக்கும் பணத்தை இம்யூனோகுளோபுலின் டெஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலில் நின்றுபோன பி செல்லை எந்தப் பவுடரும் நடவு செய்யாது.

தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முடிவு தெரியும் வரை போலியோ முகாமில் இவனுக்குச் சொட்டு மருந்து கொடுக்காதீர்கள். வாயில் விடும் சொட்டு மருந்தில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. மற்ற குழந்தைகளுக்கு அது காவல். நம் நாடு 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றதே அதனால்தான். ஆன்டிபாடி இல்லாத குழந்தையின் குடலில் மட்டும் அந்த வைரஸ் வெளியேறாமல் தங்கி, திரும்ப வலுப்பெற்று, வாதத்தை உண்டாக்கிவிடலாம். ஊசியாகப் போடும் போலியோ மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை. முகாமுக்கு வரும் செவிலியரிடம் மறைக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் தங்களுக்கான தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். சுற்றியிருப்பவர்களுக்கு நோய் வராவிட்டால்தான் இவனுக்கும் வராது. உங்கள் வீட்டில் யாருக்காவது போலியோ தடுப்பு தேவைப்பட்டால் அதைச் சொட்டு மருந்தாக இல்லாமல் ஊசியாகக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் தங்கை. அவரிடம் மறைத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களிடம் இந்தப் பழுதான எக்ஸ் உங்கள் அம்மா வழியாக வந்திருந்தால் தங்கைக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் உங்கள் மகனின் ரிப்போர்ட் கையில் வந்துவிட்டால் நல்லது, வராவிட்டாலும் பரவாயில்லை. பிரசவம் பார்க்கப் போகும் மருத்துவரிடம் குடும்பத்தில் இப்படி இருக்கிறது என்று இப்போதே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். பிறப்பது பெண்ணாக இருந்தால் அவசரம் ஒன்றுமில்லை. ஆணாக இருந்தால், நம் ஊர் வழக்கப்படி பிறந்ததும் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தையும் பிசிஜி ஊசியையும் நிறுத்திவைத்துவிட்டு, தொப்புள்கொடி ரத்தத்திலோ குழந்தையின் ரத்தத்திலோ பி செல்லை எண்ண வேண்டும். ஐஜிஜி அளவு மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டால் ஏமாந்துபோவோம். அன்று அவன் ரத்தத்தில் இருப்பது அவன் அம்மாவுடையது.